ஒன்பதாம் வகுப்பில் இருந்த வேகம் பதினொன்றில் எங்கே போனது?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 16. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். 800, 1500 மீட்டர் ஓடுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் 1500 மீட்டரை 5 நிமிடம் 4 விநாடியில் முடித்தேன். இந்த ஆண்டு என்ன செய்தாலும் 5:16-க்குக் கீழே வரவில்லை. காலை 4.45-க்கு எழுந்து கிரவுண்டுக்குப் போகிறேன். பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துப் படுக்க ராத்திரி 12 ஆகிவிடுகிறது. இடது கால் ஷின்னில் (முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில்) சில வாரங்களாக வலி இருக்கிறது. கொஞ்சம் எடை குறைந்தால் டைமிங் தானாக வரும் என்று கோச் சொன்னார். அதனால் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டேன். (நான்கு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. அது பரவாயில்லை, போட்டி சமயத்தில் தொல்லை இல்லாமல் இருக்கிறது.) பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை ஓட்டத்தை நிறுத்து என்கிறார் அப்பா.

வகுப்பில் எல்லோருக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மார்க் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிரவுண்டில் மட்டும் அது கிடையாது என்று நினைத்திருந்தேன். இப்போது அங்கேயும் ஒரு எண் வந்துவிட்டது. இந்த வருஷமே 1500-இன் மூன்றாவது சுற்று மாதிரி இருக்கிறது. கிளம்பிய உற்சாகமும் இல்லை, முடிகிற இடமும் கண்ணில் படவில்லை. நான் ஏன் மெதுவாகிவிட்டேன்? ஓட்டத்தை விட்டுவிடட்டுமா? அப்பாவிடம் என்ன சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: நீ கேட்டிருக்கும் மூன்று கேள்விக்கும் பதில் உண்டு. ஆனால் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். பரவாயில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுப் போனாயே, அந்த வரி. விளையாட்டு மருத்துவர் என்ற முறையில் உன் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது அதுதான்.

ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உனக்கு நான்கு மாதம் ஆகிவிட்டது. நிறைய ஓடும் பெண்களுக்கு இது சகஜம், பயிற்சி சரியாக நடக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம் என்றெல்லாம் டிரெஸ்ஸிங் ரூமில் பேச்சு நடக்கும். சகஜமாக நடப்பது உண்மைதான். அதனால் அது சரியான விஷயம் ஆகிவிடாது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். சாப்பாட்டிலிருந்து வரும் சக்தியில் ஓட்டத்துக்குப் போனது போக மீதி இருப்பதைக் கொண்டுதான் இதயம், மூளை, எலும்பு, ஹார்மோன் எல்லாம் நடந்தாக வேண்டும். நீ அதிகாலையில் எழுந்து ஓடுகிறாய், ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாக்கிவிட்டாய். மீதி போதவில்லை. அப்போது மூளை, இன்றைக்கு உயிர் வாழ அவசியமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும். மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் இருக்கின்றன. அவை குறைந்தால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்புக்குக் காவல் இல்லை. ஒரு பெண்ணின் உச்ச எலும்பு அடர்த்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. உனக்கு 16. சேர்க்க வேண்டிய வயதில் சேர்ப்பு நின்றிருக்கிறது. அதே சமயத்தில்தான் ஷின் வலியும் வந்திருக்கிறது. இவை இரண்டையும் நான் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்க மாட்டேன்.

இந்த நிலைக்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. அதற்கு முன்பு இதைப் பெண்களின் பிரச்சினையாக மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். பையன்களுக்கும் இது வரும். அவர்களுக்கு மாதாமாதம் வந்து எச்சரிக்க எதுவும் இல்லாததால் தெரியவரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். அந்த வகையில் உன் உடம்பு உனக்குத் தகவல் கொடுத்திருக்கிறது. தொல்லை விட்டது என்று நினைக்காதே.

சரி, ஷின்னுக்கு வருவோம். உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை எலும்பின் உள்விளிம்பை விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போ. ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கும்போது அதிகமாகி, உடம்பு சூடேறியதும் குறைந்தால் அது பெரும்பாலும் எலும்பின் உள்விளிம்பு ஓரத்தில் வரும் அழுத்த வலி. ஓட்டத்தைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும். அப்படி இல்லாமல், ஒரு விரல் நுனியால் மூடிவிடக்கூடிய ஓர் இடம் மட்டும் சுரீர் என்று வலித்தாலோ, ஓட ஓட வலி கூடினாலோ, ராத்திரி படுத்த பிறகும் விண்விண் என்று தெறித்தாலோ, அது எலும்பில் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். ஆனால் இந்த விரல் சோதனையை வைத்து நீயே முடிவுக்கு வந்துவிடாதே. மருத்துவரிடம் எங்கே, எப்படி வலிக்கிறது என்று தெளிவாகச் சொல்வதற்குத்தான் இது. இன்னொரு விஷயம். தொடக்க வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்ற சந்தோஷத்தில் மறுநாளே ஸ்பைக்ஸ் ஷூ மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை ஓடாதே. குதிக்கும் பயிற்சிகளும் வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, முதன்முதலில் வந்த வயது, கடந்த ஓராண்டில் எடை எப்படி மாறியது, வாரத்துக்கு எவ்வளவு ஓடினாய், சாப்பாட்டை எப்போது குறைத்தாய் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. தைராய்டு உட்படச் சில ஹார்மோன் சோதனைகள் எடுப்பார்கள். கர்ப்பச் சோதனையும் எடுக்கலாம். மாதவிடாய் நின்ற எல்லோருக்கும் எடுப்பதுதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்புச்சத்தின் கணக்கு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகியிருக்கலாம். ஓடும் பெண்களிடம் இது அடிக்கடி தென்படுகிறது. ரிப்போர்ட் வருவதற்கு முன்பு நீயாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதே. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே அவர் கையில் கொடு. ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் இன்றைக்கே பழையபடி முழுதாகச் சாப்பிடத் தொடங்கு. அதற்கு யார் ரிப்போர்ட்டும் வேண்டாம்.

உன் கோச் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் வளரும் வயதில் இருக்கும் பெண்ணிடம் எடையைக் குறை என்று போகிறபோக்கில் சொல்வது தப்பு. அதை நான் மென்று விழுங்கிச் சொல்லப் போவதில்லை. எடை குறைந்த முதல் சில வாரங்களில் சிலருக்கு டைமிங் வரவும் செய்யும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது. அந்தச் சில வாரத்தை நம்பி மேலும் குறைப்பார்கள். அப்புறம் காயம், காய்ச்சல், சோர்வு என்று வரிசையாக வந்து நிற்கும். அவரிடம் நீ தனியாகப் போய் வாதாட வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுப்பதை அம்மாவோ அப்பாவோ கொண்டுபோய்க் காட்டட்டும்.

இப்போது உன் முதல் கேள்வி. ஏன் மெதுவாகிவிட்டாய்? முதலில் கணக்கைப் பார்ப்போம். 5:04-க்கும் 5:16-க்கும் வித்தியாசம் 12 விநாடி. 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்குச் சற்று மேல், மொத்தத்தில் 4 சதவீதத்துக்கும் குறைவு. போட்டியில் அந்த 12 விநாடி முதல் இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் இருக்கும் தூரம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் குறைந்து, கால் வலியோடு ஓடும் ஓர் உடம்பு 4 சதவீதம் மட்டும்தான் பின்வாங்கியிருக்கிறது. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாவிட்டாலும்கூட நீ ஓரளவு மெதுவாகியிருக்கலாம். பன்னிரண்டு வயதுவரை பையன்களுக்கும் பெண்களுக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதற்குப் பிறகு பையன்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. தசையும் ஹீமோகுளோபினும் கூடுகின்றன. பெரிதாக ஒன்றும் செய்யாமலே வருஷா வருஷம் வேகம் கூடும். பெண்களுக்கு இடுப்பு அகலமாகிறது, உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுகிறது, எடையின் மையம் மாறுகிறது. ஓடுவதற்குப் பழகிய பழைய உடம்பு போய்ப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. அதை வைத்து ஓடக் கற்றுக்கொள்ள ஓரிரண்டு வருஷமாவது ஆகும். பதினான்கு வயதில் பறந்த பெண்கள் பதினாறில் அப்படியே நின்றுவிட்டது போல் தோன்றுவது இதனால்தான். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் பொறுத்திருந்தவர்களுக்கு அதே உடம்பு இன்னும் வலுவாகத் திரும்பிக் கொடுக்கிறது. பழைய உடம்பைப் பட்டினி போட்டு மீட்டுக்கொண்டு வர முடியாது.

பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் பள்ளி நாட்களிலேயே 1500 மீட்டரில் தேசியப் பள்ளிப் பட்டம் வென்றவர். 18 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, சில வருஷம் தடகளத்திலிருந்து விலகியே இருந்தார். பிறகு திரும்பி வந்தார், அடுக்கடுக்காகக் காயங்கள். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 34. உன் இரண்டு போட்டிகளும் அவைதான். நீயும் அப்படி வருவாய் என்று ஆசை காட்டவில்லை. நடுத்தூர ஓட்டத்தில் பதினாறு வயது டைமிங்கை வைத்து யாரும் யாரைப் பற்றியும் முடிவு கட்ட முடியாது, அதைச் சொல்வதற்குத்தான் இது.

தூக்கத்தைப் பற்றி அப்பாவும் நீயும் சேர்ந்தே படியுங்கள். ராத்திரி 12-க்குப் படுத்து 4.45-க்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பருவ வயதில் தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் சுரப்பதே ராத்திரி தாமதமாகிறது. பத்து மணிக்குப் படுத்தாலும் கண் கொட்டக் கொட்ட விழித்திருப்பது சோம்பலோ ஃபோனோ மட்டும் செய்யும் வேலை இல்லை. (ஃபோனுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டாம்.) அதனால் உன் வயதில் இருப்பவர்களை அதிகாலை நாலே முக்காலுக்கு எழுப்புவது பெரியவர்களை நடுராத்திரியில் எழுப்புவதற்குச் சமம். பள்ளி வயது விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. அன்றைக்குப் படித்ததை மூளை அடுக்கி வைப்பதும் அந்தத் தூக்கத்தில்தான். நீ நடுராத்திரிவரை படிப்பதில் எவ்வளவு மறுநாள் மிஞ்சுகிறது என்று நேர்மையாக யோசித்துப் பார்.

இந்த ஒரு விஷயத்தில் உன் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இப்போது இருக்கும் அட்டவணை ஓடாது. ஆனால் அதில் வெட்ட வேண்டியது ஓட்டம்தானா என்பதுதான் கேள்வி. அவரிடம் போய், ஓடினால் மூளை நன்றாக வேலை செய்யும், மார்க் கூடும் என்றெல்லாம் வாதாடாதே. அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த தேர்வில் மார்க் குறையும்போது உன் வாதமும் சேர்ந்து விழும். நல்ல மார்க் எடுத்தால் ஓட விடுகிறேன் என்ற பேரத்துக்கும் ஒத்துக்கொள்ளாதே. பரிசாகக் கொடுத்ததைத் தண்டனையாகப் பிடுங்கவும் முடியும். வெறும் மணிக் கணக்கைக் காட்டு. குணமான பிறகு வாரத்துக்கு நான்கு நாள், மாலையில், வார்ம் அப்பும் கூல் டவுனும் சேர்த்து ஒரு மணி நேரம். மொத்தம் நான்கு மணி நேரம். அதிகாலை எழுவது கிடையாது. ராத்திரி பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். இதற்கு டியூஷனில் ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை முடிவு செய்வது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் தாளில் எழுதி முன்னால் வைத்தால் பேச்சு சூடாகாமல் நடக்கும்.

வாரத்துக்கு நான்கு மணி நேரத்தில் என்ன பெரிய ஓட்டம் என்று உன் கோச் கேட்கலாம். ரோஜர் பேனிஸ்டர் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோது மதிய இடைவேளையில்தான் பயிற்சி செய்தார். ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர். 1954 மே 6 அன்று காலையில் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போய், மாலையில் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். பின்னாளில் பெயர்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆனார். அவர் கதையில் உனக்கு உதவக்கூடியது வேறு ஒரு பகுதி. அந்தப் போட்டிக்குச் சில வாரம் முன்பு பயிற்சியில் பத்து முறை கால் மைல் ஓடும்போது, ஒவ்வொன்றும் 61 விநாடியிலேயே நின்றுவிட்டது. என்ன செய்தும் இறங்கவில்லை. பயிற்சியைக் கூட்டுவதற்குப் பதிலாக நண்பரோடு ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போய்விட்டார். சில நாள் ஓட்டமே இல்லை. திரும்பி வந்து ஓடினால் 59. வயது வந்த, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்கே ஓய்வு தேவைப்பட்டது. உனக்கு எவ்வளவு தேவை என்று யோசி.

அந்த ஓட்டத்திலும் அவருக்கு மூன்றாவது சுற்றுதான் மோசம். 62 விநாடிக்கு மேல் ஆனது, நான்கிலும் அதுதான் மெதுவான சுற்று. கடைசிச் சுற்றை 59-க்குள் முடித்தார். பதினொன்றாம் வகுப்பை நீ மூன்றாவது சுற்று என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்த எண்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ரொம்பச் சரியாகப் பிடித்திருக்கிறாய். அந்தச் சுற்றில் எல்லோரும் மெதுவாகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் அங்கே முண்டியடிக்க மாட்டார்கள், தோளைத் தளர்த்தி, முன்னால் ஓடுகிறவரோடு ஒட்டிக்கொண்டு போவார்கள்.

ஓட்டத்தை விட்டுவிடட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். கிரவுண்டுக்குள் வந்துவிட்ட அந்த எண்ணை முதலில் வெளியே அனுப்பு. 1500 மீட்டர் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டு உண்டாவது. அந்தத் திறன் வளர்வது பெரும்பாலும் மெதுவான ஓட்டத்தில். பக்கத்தில் ஓடும் தோழியிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. அப்படி ஓடும் நாளில் வாட்ச் எதற்கு? வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகப் பயிற்சி போதும், வாட்சும் அந்த நாளில் இருக்கட்டும். மற்ற மூன்று நாளும் எண் இல்லாத ஓட்டம். இப்படி ஓடினால் பின்தங்கிவிடுவோம் என்று பயமாக இருக்கும். தினமும் டைமிங் எடுத்து தினமும் தோற்பதைவிட இதில் நிச்சயம் முன்னேற்றம் உண்டு.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் ஒரேயடியாகத் தொடங்காதே. முதலில் அரை மணி நேரம் வேகமாக நடந்து பார், ஒரு வாரம். ஷின்னில் வலி இல்லையென்றால் ஒரு நிமிடம் ஜாகிங், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு மெல்ல ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறை. எலும்பு வலி தலைகாட்டினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு முந்தைய படிக்குத் திரும்பு. மறுபடியும் வந்தால் மருத்துவரிடம் போ. மாதவிடாய் ஒழுங்குக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை ஸ்பைக்ஸும் போட்டியும் வேண்டாம், இந்த சீசன் போனால் போகட்டும். திரும்பி வந்து முதல் இரண்டு மாதம் டைமிங் எடுக்காதே. கோச் கை சும்மா இருக்காமல் எடுத்தாரென்றால், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.